கல்வராயன் ஏறும் பூட்ஸுக்குள் எத்தனை அதிசயம், தெரியுமா?

சங்கராபுரத்துக்கு மேற்கே கல்வராயன் மலை! சின்னக் கல்வராயன் சுமார் 2,700 அடி, பெரிய கல்வராயன் சுமார் 4,000 அடி. வெள்ளிமலை, கரியாலூர், மேகம் அருவி, பெரியார் அருவி என்று நாள் முழுக்க நடக்க இடம் இருக்கிறது. அதற்கு நல்ல பூட்ஸ் தேடுகிறீர்களா? அந்த மலையில் விளையும் ஒரு காய்க்கும் பூட்ஸுக்கும் உள்ள உறவு தெரியுமா?

கடுக்காய்தான் அது! கல்வராயன் மலைமக்கள் காட்டில் பொறுக்கி வரும் அதே கடுக்காய். நம் ஊர்த் தோல் ஷாப்புகளில் அந்தக் காலத்தில் ஆவாரம்பட்டை ஊறவைத்த தண்ணீரில்தான் தோலைப் பதனிட்டார்கள். பட்டையில் இருக்கும் டானின் தோலின் புரதத்தோடு பிணைந்துகொள்ள, பச்சைத்தோல் அழுகாத தோலாக மாறிவிடும். ஆனால் ஆவாரையில் பதனிட்ட தோல் வெளிச்சம் பட்டுப் பட்டுச் சிவந்துபோகும். அதைத் தடுக்கக் கடைசியில் கடுக்காய்த் தண்ணீர்! வேலியோரத்து ஆவாரையும் மலைக்காட்டுக் கடுக்காயும் சேர்ந்து செய்த இந்தத் தோலுக்கு உலகச் சந்தையில் ‘ஈஸ்ட் இந்தியா லெதர்’ என்றே பெயர். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் சிப்பாய்களின் பூட்ஸ் மேல்தோலுக்கு இது கப்பல் கப்பலாகப் போனது. இன்று பெரும்பாலான தோல் குரோமிய உப்பில்தான் பதனிடப்படுகிறது. ஆனாலும் ஈஸ்ட் இந்தியா லெதருக்குப் புவிசார் குறியீடு உண்டு.

இப்போது குனிந்து உங்கள் பாதத்தைப் பாருங்கள். ஒரு பாதத்தில் 26 எலும்புகள், இரண்டிலும் 52. உடம்பின் 206 எலும்புகளில் கால்வாசி அங்கேதான் இருக்கிறது! அந்தப் பாதத்துக்கு நாம் இத்தனை காலம் வாங்கிய அளவு யாருடையது தெரியுமா? வெள்ளைக்காரனுடையது! சென்னை அடையாற்றில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பரிலிருந்து 2022 மார்ச் வரை நாடெங்கும் 79 இடங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதங்களை அளந்தது. ஐரோப்பிய, அமெரிக்கப் பாதங்களைவிட நம்முடையது அகலம் என்று தெரிந்தது. பாரதத்தின் முதலெழுத்தான ‘பா’ என்ற பெயரிலேயே நமக்கென ஓர் அளவுமுறையைப் பரிந்துரைத்திருக்கிறார்கள்.

இது சின்ன விஷயமில்லை. அகலம் போதாமல் ஒரு சைஸ் கூட்டி வாங்குகிறோம், நீளம் மிஞ்சுகிறது, ஏற்றத்தில் குதிகால் வழுக்கி வழுக்கிக் கொப்புளம் வருகிறது. ஆகவே விரல்பக்கம் அகலமாக உள்ள பூட்ஸாகப் பார்த்து வாங்குங்கள். காலையில் இருந்த பாதம் சாயங்காலம் இல்லை, வீங்கியிருக்கும்! கடைக்கு மாலையில் போங்கள், மலைக்குப் போடும் சாக்ஸோடு போங்கள். இறக்கத்தில் விரல்நுனி முன்னால் இடிக்காதபடி கட்டைவிரல் அகலம் இடம் இருக்கட்டும்.

அளவுக்கு அடுத்தது சோல். வழுக்காமல் பிடிக்க மேடுபள்ளம் வார்த்த ரப்பர் சோல் பிறந்த கதை துயரமானது. 1935-ல் இத்தாலிய ஆல்ப்ஸ் பனிமலையில் விட்டாலே பிரமானி என்ற மலையேறியோடு போன ஆறு பேர் இறந்தார்கள். அந்தப் பனியில் தாங்காத காலணிகளும் அதற்கு ஒரு காரணம். அந்த வேதனையில் அவர் உருவாக்கியதுதான் ‘விப்ரம்’ சோல்!

வாங்கி அலமாரியில் பத்திரமாக வைத்த பூட்ஸ், ஒருநாள் போட்டதும் அடிப்பாகம் பொடிப்பொடியாக உதிர்வது ஏன் தெரியுமா? உள்ளே இருக்கும் பாலியூரித்தேன் காற்றின் ஈரத்தால் மெல்லச் சிதைகிறது. ‘புத்தம் புதுசு’ என்று பழைய சரக்கைத் தள்ளுபடியில் வாங்காதீர்கள். ‘வாட்டர்ப்ரூஃப்’ என்றால் உசத்தி என்றும் நினைக்காதீர்கள். நம் வெயிலில் வியர்வை எளிதில் வெளியேறாது. ஓடையில் மேலே ஏறி உள்ளே புகுந்த தண்ணீரும் சீக்கிரம் காயாது. கல்வராயனுக்குக் காற்றோட்டமான, சீக்கிரம் உலரும் பூட்ஸே மேல் என்பேன்.

கனமான பூட்ஸ்தான் உழைக்கும் என்பதும் பிரமை. 1955-ல் 67 வயது எம்மா கேட்வுட் அமெரிக்காவின் அப்பலாச்சியன் பாதை முழுவதையும், 2,000 மைலுக்கு மேல், சாதாரணக் கான்வாஸ் ஷூக்களில் நடந்து முடித்தார்! காலில் கூடும் எடை முதுகில் கூடும் எடையைவிடப் பல மடங்கு களைப்பைத் தரும்.

சங்கராபுரம் இருக்கும் நம் கள்ளக்குறிச்சி மாவட்டமே காலணி மாவட்டமாகப் போகிறது, தெரியுமா? உளுந்தூர்பேட்டையில் 2,302 கோடி ரூபாயில் தோலில்லாக் காலணித் தொழிற்சாலை அமைக்கத் தைவானின் பௌ சென் நிறுவனம் 2023-ல் தமிழக அரசோடு ஒப்பந்தம் போட்டது. 20,000 பேருக்கு வேலை!

புது பூட்ஸோடு நேராக மலை ஏறிவிடாதீர்கள். இரண்டு வாரம் கடைத்தெருவுக்கும் வயல்வரப்புக்கும் அதைப் போட்டு நடந்து பழக்குங்கள், பிறகு வெள்ளிமலைக்குப் பஸ் ஏறுங்கள்.