சரக்கு வாகனத்தில் கேம்பர் அறை: எடையே முதற்கணக்கு

சரக்கு வாகனத்தின் சுமைத்தட்டில் ஏற்றிக் கழற்றத்தக்க கேம்பர் அறையை வாங்க விழையும் வாடிக்கையாளர்கள் முதலில் நோக்க வேண்டியது அதன் எடையையே.

பதிவுச் சான்றிதழில் உள்ள மொத்த எடையிலிருந்து சுமையற்ற எடையைக் கழித்தால், ஏற்றத்தக்க சுமை கிட்டும். 3,500 கிலோவில் 2,000 கழிந்தால் எஞ்சுவது 1,500. அறையுடன் பயணிகள், எரிவாயு உருளை, தண்ணீர் யாவும் அதற்குள் அடங்க வேண்டும்; 100 லிட்டர் நீரே 100 கிலோவாகும். அறையின் எடைமையம் பின் அச்சுக்குச் சற்று முன்னே அமைதல் நன்று. பின்னே சென்றால் முன்சக்கரங்களின் பிடி தளரும். கூடுதல் ஸ்பிரிங் பட்டைகள் தொய்வைக் குறைக்கும். அனுமதிக்கப்பட்ட எடையை உயர்த்தா.

வாகன அமைப்பை மாற்றுவதாயின் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் ஒப்புதல் தேவை. கடன் நிலுவையிலிருப்பின் வங்கியின் எழுத்துமூல இசைவையும் பெற்று, காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவிக்குமாறு வேண்டுகிறோம். மறைக்கப்பட்ட மாற்றத்தால் விபத்துக்காலத்தில் இழப்பீடு மறுக்கப்படலாம். கடன் தவணையோ தொடரும்.