அந்தக் கூட்டத்தில் உங்கள் மகனும் இருக்கிறானா?

தாம்பரத்திலிருந்து கடற்கரைக்குப் போகும் மின்சார ரயிலில் ஏறிப் பாருங்கள். உள்ளே நிற்க இடம் இருந்தாலும் கல்லூரிப் பையன்கள் சிலர் படியில்தான் தொங்குவார்கள். அவர்களில் ஒருவன் வேறொரு நாள் தனியாக வந்தால், ஓரமாக உட்கார்ந்து செல்போன் பார்த்துக்கொண்டு போவான்.

இதை அமெரிக்காவில் சோதித்தே பார்த்தார்கள். கார்ட்னர், ஸ்டைன்பெர்க் என்ற ஆய்வாளர்கள் 2005-ல் வெளியிட்ட ஆய்வு அது. கம்ப்யூட்டரில் கார் ஓட்டும் விளையாட்டு. நண்பர்கள் பக்கத்தில் இருந்தபோது 13 முதல் 16 வயதுப் பிள்ளைகள் தனியாக ஆடியதைவிட மிக அதிகமாக ரிஸ்க் எடுத்தார்கள். 24 வயதைத் தாண்டியவர்களிடம் அந்த மாற்றம் தெரியவில்லை.

சென்னையில் இந்தக் ‘கெத்து’க்கு ஒரு பதவியே உண்டு: ‘ரூட்டு தல’. ஒரே பஸ், ரயில் வழித்தடத்தில் வரும் மாணவர்களுக்கு ஒரு தலைவன். புதிதாகச் சேரும் பையனுக்கு யாரோடும் பகை இருக்காது. ரூட்டோடு சேர்ந்து பகையும் வந்துவிடும். 2019 ஜூலை 23 அன்று அரும்பாக்கத்தில், பெரம்பூர் – திருவான்மியூர் பஸ்ஸில் வந்த மாணவர்களை அதே கல்லூரி மாணவர்களே பட்டாக்கத்தியால் வெட்டினார்கள். 2024 அக்டோபரில் சென்ட்ரல் ரயில் நிலையம் அருகே தாக்கப்பட்ட மாநிலக் கல்லூரி மாணவர் உயிரிழந்தார். கைதானவர்கள் வேறொரு கல்லூரி மாணவர்கள்.

“உள்ளே தூக்கிப் போட்டால் திருந்துவான்” என்பவர்களுக்குத் தாம்பரமே பதில் சொல்லும். 2022 டிசம்பரில் ரயில்வே பேட்டரி திருடியதாகத் தாம்பரத்தில் பிடிபட்ட 17 வயதுச் சிறுவன், செங்கல்பட்டு அரசு சிறப்பு இல்லத்தில் டிசம்பர் 31 அன்று இறந்தான். அடித்துக் கொன்றதாக இல்லத்தின் ஊழியர்கள் 6 பேர் கைதானார்கள். அதன்பிறகுதான் இந்த இல்லங்களை ஆராய நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைந்தது.

நம்பிக்கை தரும் விஷயம் வேறிடத்தில் இருக்கிறது. அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் 1988 முதல் சுமார் 1,000 மாணவர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். கும்பலில் இருக்கும் காலத்தில் எகிறிய குற்றங்கள், வெளியே வந்ததும் குறைந்தன. பெரும்பாலோர் கும்பலில் இருந்ததும் ஓராண்டுக்குள்தான்.

அந்த ஓராண்டில் கூட்டாளிகளைத் திட்டினால் அவன் அவர்கள் பக்கம்தான் சாய்வான். ரூட்டை மாற்றலாம், சாயங்காலத்துக்கு ஒரு மைதானமோ வேலையோ பார்த்துத் தரலாம். பெரியவர்கள் யாராவது அவனைத் தவறான வேலைக்கு ஏவினால், இளைஞர் நீதிச் சட்டத்தின் 83-வது பிரிவு ஏவியவருக்கு 7 ஆண்டுகள் வரை கடுங்காவல் விதிக்கிறது. பயமாக இருந்தால் 1098-க்குப் போன் செய்யலாம்.