பூசணம் பிடித்த புண்ணாக்கு பாலையும் கெடுக்கும்

ஐப்பசி, கார்த்திகை அடைமழை தாம்பரம் வட்டாரத்துக்குப் புதிதல்ல. 2015 டிசம்பர் முதல் தேதி பெய்த மழையில், 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. பதிவாயிற்று. முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகள் வெள்ளத்தில் மூழ்கின. வெள்ளம் வராத ஆண்டிலும், கொட்டகை மூலையில் கிடக்கும் கடலைப் புண்ணாக்கு மூட்டை தரை ஈரத்தை இழுத்துக் கொள்ளும். சில நாட்களில் கட்டிதட்டி, மஞ்சளும் பச்சையுமாகப் பூசணம் பூத்துவிடும்.

பூசணத்தைத் தட்டிவிட்டு, ஊறவைத்துக் கரைத்து மாட்டுக்கு வைப்பவர்கள் உண்டு. காசு கொடுத்து வாங்கியதைக் கொட்ட மனம் வராதுதான். ஆனால் பூசணம் வளரும்போதே அஃப்ளாடாக்சின் என்னும் நஞ்சு புண்ணாக்கில் ஊறிவிடுகிறது. பூசணம் போனாலும் நஞ்சு போகாது. ஊறவைத்தாலும் கொதிக்கவைத்தாலும் அழியாது. 1960ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மாண்டபோது, காரணத்தைத் தேடிப் போனவர்கள் பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில்தான் இந்த நஞ்சைக் கண்டார்கள்.

வளர்ந்த மாடு உடனே சாவதில்லை என்பதால் இது வெளியே தெரிவதில்லை. தீனி குறையும், பால் இறங்கும், ஈரல் கெடும். கன்றுகள் தாங்கா. தின்ற நஞ்சில் ஒரு பங்கு உருமாறி, ஒரு நாளுக்குள் பாலில் வந்துவிடுகிறது. அந்தப் பாலைக் காய்ச்சினாலும் பயனில்லை. 2018ல் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் நடத்திய ஆய்வில், தமிழ்நாட்டில் எடுத்த 551 பால் மாதிரிகளில் 88ல் இந்த நஞ்சு அளவுக்கு மேல் இருந்தது. நாட்டிலேயே இதுதான் அதிகம். பால் முதலில் போவது நம் வீட்டுக் குழந்தைகளுக்குத்தானே! கெட்ட தீவனத்தை நிறுத்தினால் நான்கைந்து நாட்களில் பாலில் நஞ்சு பெருமளவு குறைந்துவிடும் என்பது ஒரு ஆறுதல்.

சொந்தக் கடலையை ஆட்டுவோர், காயைக் குலுக்கினால் பருப்பு ஆடும் சத்தம் கேட்கும்வரை காயவைக்க வேண்டும். சொத்தை, சுருங்கல், பூசணம் கண்ட பருப்புகளைச் செக்குக்கு அனுப்பக் கூடாது. எண்ணெயை எடுத்தபின் நஞ்சில் பெரும்பகுதி புண்ணாக்கில்தான் தங்கும். கடையில் வாங்குவோர் புண்ணாக்கை உடைத்து முகர்ந்து பார்க்கவும். மக்கல் வாடை அடித்தால் விலை மலிவென்று வாங்க வேண்டாம். மழைக்காலத்தில் இரண்டு வாரத் தேவைக்கு மேல் சேர்த்து வைப்பதும் நல்லதல்ல. மூட்டைகளை மரப்பலகை மேல், சுவரிலிருந்து ஓரடி தள்ளி அடுக்கி, முதலில் வாங்கியதை முதலில் செலவழிக்க வேண்டும். வைக்கோல் போருக்கும் அடியில் மேடை தேவை.

நனைந்த புண்ணாக்கை அன்றே வெயிலில் பரப்பிக் காயவைத்தால் தப்பும். பூசணம் கண்டபின் காயவைத்துப் பயனில்லை. நல்லதோடு கலக்கவோ, கோழிக்குப் போடவோ கூடாது. குழி தோண்டிப் புதைப்பதே சரி. நஞ்சைப் பிடித்து வைக்கும் பெண்டோனைட் போன்ற களிமண் பொருள்களைத் தீவனத்தில் சேர்ப்பதானால், கால்நடை மருத்துவர் சொல்லும் அளவிலேயே சேர்க்க வேண்டும்.

தாம்பரத்துக்குத் தெற்கே காட்டுப்பாக்கத்தில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கால்நடை உணவியல் நிலையம் உள்ளது. சந்தேகமுள்ள தீவனத்தை மாட்டுக்கு வைக்குமுன் அங்கு யோசனை கேட்கலாம்.