தாத்தா போட்ட நீல பிளான்!

கிழக்குத் தாம்பரத்தில் எங்களுக்கு ஒரே மனை, இரண்டு வீடு, நடுவில் ஒரு சந்து. ஒரு வீட்டில் அப்பா, இன்னொன்றில் சித்தப்பா. இரண்டு பேரும் பேசி இருபது வருஷம் ஆகிறது. காரணம், சந்தில் சித்தப்பா எழுப்பிய சுவர். ''சந்து மூணு அடிடா... அரை அடி உள்ளே வந்துட்டான்'' - இது அப்பா கட்சி. ''சந்தே ரெண்டரை அடிதான்!'' - இது சித்தப்பா கட்சி.

பாட்டி இருந்தவரை ஒரு கையால் இவரையும் இன்னொரு கையால் அவரையும் பிடித்துக் கொண்டிருந்தாள். ரசம் அந்தப் பக்கம் போகும். வடாம் இந்தப் பக்கம் வரும். பாட்டி போனாள். போக்குவரத்தும் நின்றது.

இந்த வருஷம் கத்திரி வெயிலில் பரணைச் சுத்தம் பண்ணினேன். டிரங்குப் பெட்டியில் ஒரு காகிதச் சுருள். ஓரத்தைப் பிரித்தால்... கரு நீலத்தில் வெள்ளைக் கோடுகள். ரயில்வேயில் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்த தாத்தா போட்ட வீட்டு பிளான்! அறுபது வருஷத்துக்கு மேல் சுருண்டே கிடந்ததில் விறைத்திருந்தது. அவசரப்பட்டால் அப்பளம். தினம் நாலு அங்குலம் பிரித்து, மேலே கனமான புத்தகம் வைத்தேன்.

''பழைய பேப்பர்காரனுக்குப் போடு'' என்றார் அப்பா. நான் போடவில்லை. பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்துவிட்டு ஆபீஸில் வரவு செலவு எழுதுகிறவன் நான். அந்த நீலத்தைப் பார்த்ததும் பழைய பாசம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

அதன் பெயர் பிரஷ்யன் ப்ளூ. சுமார் 1706-ல் பெர்லினில் டீஸ்பாக் என்பவர் சிவப்புச் சாயம் செய்யப் போக, கலப்படமான பொட்டாஷால் நீலம் வந்தது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதைதான். ஆனால் நல்ல குரங்கு! 1842-ல் ஜான் ஹெர்ஷல், வெயில் பட்டால் இந்த நீலம் உண்டாகிற மாதிரி காகிதம் தயாரித்தார். மேலே வரைபடத்தை வைத்து வெயிலில் காட்டி, தண்ணீரில் அலசினால் ஆச்சு. மசிக்கோடு மறைத்த இடம் வெள்ளை, மற்றதெல்லாம் நீலம். 'ப்ளூ பிரிண்ட்' என்ற பெயரே இப்படி வந்ததுதான்.

இந்த நீலத்துக்குள் இருப்பது என்ன தெரியுமா? இரும்பும் சயனைடும்.

பயப்படாதீர்கள். குப்பியில் இருக்கிற அதே சயனைடுதான். ஆனால் இங்கே அது இரும்போடு இறுக்கக் கட்டிப் போடப்பட்டிருக்கிறது. 1987-ல் பிரேஸிலின் கோயானியா ஊரில் கதிரியக்க ஸீஸியம் உடம்புக்குள் போனவர்களுக்கு, அதை வெளியேற்ற மருந்தாகக் கொடுத்ததே இந்த பிரஷ்யன் ப்ளூவைத்தான்.

சயனைடு என்பது ஒரு கார்பனும் ஒரு நைட்ரஜனும் சேர்ந்த ஜோடி. கார்பன் கை ஒரு உலோகத்தைப் பிடிக்கும். நைட்ரஜன் கை அடுத்த உலோகத்தைப் பிடிக்கும். நம்ம பாட்டி மாதிரி! இப்படிக் கைகோத்துக் கைகோத்து முப்பரிமாணத்தில் ஒரு கட்டடமே எழும்புகிறது.

இனிமேல்தான் காந்த சமாசாரம். ஜோடியில்லாத எலெக்ட்ரான் ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் காந்தம். உலோக அணுவில் அந்த மாதிரி இருந்தால், அதன் செய்தி சயனைடுப் பாலம் வழியாக அடுத்த வீட்டுக்குப் போகும். 'நீ எந்தப் பக்கம் பார்க்கிறே? நானும் அப்படியா, எதிராகவா?' என்று பேச்சுவார்த்தை. எல்லோரும் கட்டுப்பட்டு நின்றால் மொத்தமும் காந்தம். சூடு அதிகமானால் ஆட்டம் தாங்காமல் கட்டு குலையும், காந்தம் அம்பேல்.

பிரஷ்யன் ப்ளூவில் ஒரு கஷ்டம். குட்டிக் காந்தம் உள்ள இரும்புக்கும் அடுத்ததற்கும் நடுவே, ஜோடியில்லாத எலெக்ட்ரானே இல்லாத ஒரு சாது இரும்பு உட்கார்ந்திருக்கிறது. செய்தி அதைத் தாண்டிப் போவதற்குள் மங்கிவிடுகிறது. அதனால் மைனஸ் 267 டிகிரிக்குக் கீழேதான் அது காந்தம். நம் தாம்பரத்துக்கு ஆகிற காரியமா?

இந்த இடத்தில் நம்மவர் ஒருவரைச் சொல்லாமல் போனால் பாவம். நான் தினமும் தாம்பரத்தில் ஏறி பீச்சில் இறங்குகிறவன். இந்த ரயில் பாதையின் இரு முனையிலும் குடியிருந்த ஒரு கல்லூரி உண்டு. கிறிஸ்துவக் கல்லூரி! பாரிமுனைப் பக்கமிருந்து 1937-ல் தாம்பரத்துக்குக் குடிவந்தது. பாரிமுனை நாட்களில் அங்கே படித்து, கெமிஸ்ட்ரி டெமான்ஸ்ட்ரேட்டராகவும் இருந்தவர் கே.எஸ். கிருஷ்ணன். வத்திராயிருப்புக்காரர். பிறகு கல்கத்தா போய் ராமனோடு சேர்ந்தார். 1928-ல் ராமன் விளைவில் பங்கு. அதன்பின் டாக்காவிலும் கல்கத்தாவிலும் அவர் பிடித்துக்கொண்டது காந்தத்தை. சின்னப் படிகத்தை மெல்லிய இழையில் தொங்கவிட்டு, காந்தப் புலத்தில் அது எவ்வளவு முறுக்கிக்கொள்கிறது என்று அளந்தார். அந்த முறுக்கலை வைத்தே, உள்ளே அணுக்கள் எந்த ஒழுங்கில் இருக்கின்றன என்று சொன்னார். 1947-ல் டெல்லி தேசிய பௌதிக ஆய்வுக்கூடத்தின் முதல் டைரக்டரும் அவரே.

அந்த வழியில் வந்தவர்கள் பிற்பாடு ஒரு கேள்வி கேட்டார்கள்... சாது இரும்பைத் தூக்கிவிட்டு, பாலத்தின் இரண்டு பக்கமும் குட்டிக் காந்தம் உள்ள உலோகமாகவே வைத்தால்?

ஒரு பக்கம் குரோமியம், மறுபக்கம் நிக்கல் வைத்தார்கள். இரண்டும் ஒரே திசையில் நின்றன. சமர்த்து! ஆனால் பிடிப்பு போதாது. மைனஸ் 183 டிகிரியிலேயே கட்டு குலைந்தது. பாரிஸில் மிஷேல் வெர்தகேர் குழு நிக்கலை எடுத்துவிட்டு வனேடியத்தை வைத்தது. இது குரோமியத்துக்கு நேர் எதிராக நின்றது. ஆச்சரியம் என்னவென்றால், ஒத்துப்போனவர்களைவிட எதிர்த்து நின்றவர்களுக்குத்தான் பிடிப்பு அதிகம்! 1995-ல் வெளியிட்டார்கள். 42 டிகிரி வரை காந்தம்!

'எதிரெதிரே நின்றால் கழிந்துபோகாதா?' என்று கேட்பீர்கள். ஆபீஸ் பாஷையில் சொல்கிறேன். குரோமியம் பக்கம் வரவு 2.58, வனேடியம் பக்கம் செலவு 2.42. பாக்கி 0.16. அந்தப் பாக்கிதான் காந்தம். இரண்டும் சரிசமமாக இருந்தால் பாக்கி பூஜ்யம். எவ்வளவு முறுக்கிக்கொண்டு நின்றாலும் வெளியே ஒரு பிரயோஜனம் இல்லை.

அந்தக் காந்தத்தை ஊசலாகத் தொங்கவிட்டு ஒரு வேடிக்கையும் காட்டினார்கள். நிரந்தரக் காந்தம் அதை இழுக்கும். வெளிச்சம் பட்டுச் சூடேறினால் காந்தம் போய், ஊசல் விடுபடும். ஆறினால் மறுபடி ஒட்டும். 2003 மே மாதம் சென்னையில் 45 டிகிரி அடித்ததே, அன்றைக்கு எங்கள் சந்தில் தொங்கவிட்டிருந்தால் ஒட்டியிருக்கவே ஒட்டியிருக்காது! 1999-ல் அமெரிக்காவில் வனேடியம் கலவையை மாற்றி 103 டிகிரி வரை கொண்டு போய்விட்டார்கள். அது கொதிக்கிற தண்ணீரிலும் காந்தம்.

இதையெல்லாம் படித்து முடிப்பதற்குள் தாத்தாவின் சுருளும் கடைசி நாலு அங்குலத்துக்கு வந்துவிட்டது. கூடத்தில் விரித்தேன். மனசு கேட்காமல் சித்தப்பா வாசலில் நின்று, ''தாத்தா கையெழுத்து... வந்து பாருங்கோ'' என்றேன். இருபது வருஷத்துக்குப் பிறகு சித்தப்பா எங்கள் படியேறினார். அப்பா மூக்குக் கண்ணாடியைத் தேடினார். இரண்டு தலைகளும் குனிந்தன.

சந்துக்கு நேரே, நீலத்தில் பளிச்சென்று வெள்ளை எழுத்து: 2 அடி 9 அங்குலம்.

அப்பா மூன்று அங்குலம் கூடச் சொல்லியிருக்கிறார். சித்தப்பா மூன்று அங்குலம் குறைத்துச் சொல்லியிருக்கிறார். நேர் எதிர், சரிசமம்.

கூட்டிக் கழித்துப் பார்த்தேன். பாக்கி பூஜ்யம்.

''வெயில்ல வந்திருக்கான்... மோர் கொண்டு வாடா'' என்றார் அப்பா, என்னைப் பார்த்து.