ஆறு புள்ளி, ஆறு நாள்!



பள்ளிக்கூடம் திறந்த முதல் வாரம் என்ன செய்வீர்கள் என்று எனக்குத் தெரியும். புது நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, அழகாகக் கால அட்டவணை போடுவீர்கள். காலை 5 மணிக்கு எழுந்திருத்தல், 5.30-க்குக் கணக்கு, மாலை 6 மணிக்கு ஆங்கிலம்... சிவப்பு மையில் அடிக்கோடு வேறு! பிறகு அதைச் சுவரில் ஒட்டிவிடுவீர்கள்.

முதல் நாள் எல்லாம் அட்டவணைப்படி நடக்கும். இரண்டாம் நாளும் நடக்கும். நான்காம் நாள்? வீட்டுக்கு விருந்தாளி வந்துவிட்டார்கள், கரண்ட் போய்விட்டது, தூக்கம் வந்துவிட்டது. பத்தாம் நாள் பார்த்தால் அட்டவணை மட்டும் சுவரில் இருக்கும்!

வெட்கப்பட வேண்டாம். சின்ன வயதில் நானும் இப்படித்தான்.

நான் ஆசிரியராக இருந்தபோது ஏழாம் வகுப்பில் ஒரு மாணவன். "அரையாண்டுப் பரீட்சைக்குள்ள இருபதாம் வாய்ப்பாடு வரைக்கும் மனப்பாடம் பண்ணிடுவேன் சார்" என்று அவனாகவே வந்து சொன்னான். தினமும் இடைவேளையில் வந்து ஒப்பிப்பான். பதின்மூன்றாம் வாய்ப்பாடு வரை வந்துவிட்டான். அப்புறம் காய்ச்சலில் நான்கு நாள் வரவில்லை. உடம்பு தேறி வந்தவன் என் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. கூப்பிட்டுக் கேட்டேன். "விட்டுப்போச்சு சார்" என்றான். "சோம்பேறி!" என்று திட்டி அனுப்பிவிட்டேன்.

அது என் தவறு. அவன் சோம்பேறி இல்லை. விட்ட இடத்திலிருந்து எப்படித் தொடங்குவது என்று அவனுக்குத் தெரியவில்லை. அதைச் சொல்லிக் கொடுக்க வேண்டிய நானும் சொல்லிக் கொடுக்கவில்லை. அன்று அவனுக்குச் சொல்லாமல் விட்டதை இன்று உங்களுக்குச் சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒரு சிறுவனின் கதையைக் கேளுங்கள்.

குத்தூசி பறித்த பார்வை

பிரான்ஸ் நாட்டில் பாரீஸ் நகருக்கு அருகே கூப்வ்ரே என்று ஒரு கிராமம். 1809-ஆம் ஆண்டு ஜனவரி 4-ஆம் தேதி அங்கே லூயி பிரெயில் பிறந்தான். அவனுடைய அப்பா குதிரைகளுக்குச் சேணம் தைக்கும் தொழிலாளி. மூன்று வயதில் லூயி அப்பாவின் பட்டறையில் விளையாடிக்கொண்டிருந்தபோது, தோலில் துளை போடும் கூரிய கருவி அவன் கண்ணில் குத்திவிட்டது. காயம் சீழ்பிடித்து அடுத்த கண்ணுக்கும் பரவியது. ஐந்து வயதில் இரண்டு கண்களிலும் பார்வை போய்விட்டது.

ஊர்ப் பள்ளிக்கூட ஆசிரியர் அவனை மற்றப் பிள்ளைகளோடு வகுப்பில் உட்கார வைத்தார். காதால் கேட்டே பாடம் படித்தான். 1819-இல், பத்து வயதில், பாரீஸில் இருந்த பார்வையற்றோர் பள்ளியில் சேர்ந்தான்.

அங்கே புத்தகங்கள் இருந்தன. ஆனால் எப்படிப்பட்ட புத்தகங்கள்? நாம் படிக்கும் எழுத்துகளையே பெரிது பெரிதாக, தாளில் மேடாக எழும்பும்படி அழுத்தி வைத்திருந்தார்கள். ஒவ்வோர் எழுத்தாக விரலால் தடவிக் கண்டுபிடிக்க வேண்டும். புத்தகம் ஒவ்வொன்றும் பெரிய கனம். எண்ணிக்கையோ கொஞ்சம்தான். அந்த முறையில் மாணவர்கள் தாங்களாக ஒரு வரி எழுதவும் முடியாது.

லூயிக்கு ஓர் ஆசை பிறந்தது. நானும் மற்றவர்களைப் போல வேகமாகப் படிக்க வேண்டும், என் கையால் எழுத வேண்டும்!

பன்னிரண்டிலிருந்து ஆறு

1821-இல் சார்லஸ் பார்பியே என்ற முன்னாள் இராணுவ அதிகாரியின் புள்ளி முறை அந்தப் பள்ளிக்கு வந்தது. தடித்த தாளில் குத்தி எழுப்பிய புள்ளிகளை விரலால் தடவிப் படிக்கும் முறை அது. ஆனால் ஒவ்வொரு குறியீட்டுக்கும் பன்னிரண்டு புள்ளிகள் வரை இடம் வேண்டும். ஒரு விரல் நுனிக்குள் அது அடங்காது. மேலும் அவை ஒலிகளைத்தான் குறித்தன. சொற்களை எழுத்துக் கூட்டி எழுத வழியில்லை.

இதை இன்னும் சுலபமாக்கலாமே என்று நினைத்தான் லூயி. அப்போது அவனுக்கு வயது பன்னிரண்டு. உங்களில் பலருடைய வயது!

பகலில் வகுப்பு. இரவில் மற்றவர்கள் தூங்கிய பிறகு தாளும் குத்தூசியுமாக உட்காருவான். விடுமுறைக்குக் கிராமத்துக்குப் போனாலும் அதே வேலைதான். "செய்" என்று சொல்ல அவன் பக்கத்தில் யாருமில்லை. மதிப்பெண் கிடையாது, பரிசு கிடையாது. மூன்று ஆண்டுகள் உழைத்தான். 1824-இல், பதினைந்து வயதில், ஆறே புள்ளிகளில் ஒரு முறையை உருவாக்கிவிட்டான். அப்பாவின் பட்டறையில் அவன் பார்வையைப் பறித்தது போன்ற கூர்முனையால்தான் அந்தப் புள்ளிகளைக் குத்தினான் என்பதை நினைத்துப் பாருங்கள்.

இரண்டு வரிசை, வரிசைக்கு மூன்று புள்ளி. எது இருக்கிறது, எது இல்லை என்பதை மாற்றி மாற்றி வைத்தால் 63 வடிவங்கள் கிடைக்கும். சந்தேகமா? 2-ஐ ஆறு முறை எழுதிப் பெருக்கி, ஒன்றைக் கழித்துப் பாருங்கள்.

அவன் அதை அமைத்த அழகைக் கவனியுங்கள். முதல் பத்து எழுத்துகளுக்கு மேலே உள்ள நான்கு புள்ளிகளை மட்டும் பயன்படுத்தினான். அடுத்த பத்து எழுத்துகளுக்கு அதே வடிவங்கள்தான். இடப்பக்கம் கீழே ஒரு புள்ளியைக் கூடுதலாக வைத்தான். பத்து தெரிந்தால் இருபதும் தெரிந்துவிடும்! பெரிய வேலையைச் சின்னச் சின்னதாகப் பிரித்தால் மலைப்பு போய்விடும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டுமா?

கைதட்டல் இல்லாத ஆண்டுகள்

லூயி பிரெயில் வளர்ந்து அதே பள்ளியில் ஆசிரியரானார். 1829-இல் தம் முறையைப் புத்தகமாக வெளியிட்டார். அதில் புள்ளிகளோடு சிறு கோடுகளும் கலந்திருந்தன. கோடுகள் விரலுக்குச் சரிப்படவில்லை. 1837-இல் வந்த அடுத்த பதிப்பில் அவற்றை நீக்கினார். "நான் ஒருமுறை செய்தது செய்ததுதான்" என்று அவர் பிடிவாதம் பிடிக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் பெரிய சோதனை. 1840-களில் அவர் வேலை பார்த்த பள்ளியிலேயே அவருடைய முறைக்குத் தடை வந்தது. மாணவர்கள் விடவில்லை. ஒளித்து வைத்துக்கொண்டு புள்ளிகளிலேயே எழுதினார்கள், படித்தார்கள். 1844-இல் பள்ளியின் புதிய கட்டடத் திறப்பு விழாவில் அந்த முறை எல்லார் முன்னிலையிலும் செய்து காட்டப்பட்டது.

காசநோயால் நலிந்த பிரெயில் 1852-ஆம் ஆண்டு ஜனவரி 6-ஆம் தேதி, 43 வயதில் இறந்தார். அந்தப் பள்ளி அவர் முறையை அதிகாரப்பூர்வமாக ஏற்றுக்கொண்டது 1854-இல். அதைக் காண அவர் இல்லை!

ஆனால் அவர் விரும்பியது அவர் வாழ்நாளிலேயே நடந்துவிட்டது. பார்வையற்ற பிள்ளைகள் தங்கள் கையால் எழுதினார்கள். அவர் உழைத்தது அதற்காகத்தான். நாம் ஏன் செய்கிறோம் என்பது தெளிவாக இருந்தால், கைதட்டல் தாமதமானாலும் வேலை நிற்காது.

இன்று உலகம் முழுவதும் பல மொழிகளில் பிரெயில் எழுத்து உண்டு. இந்திய மொழிகளுக்கான பொதுவான பிரெயில் முறை 1951-இல் வந்தது. தமிழும் அதில் இருக்கிறது. அவருடைய 200-ஆவது பிறந்த ஆண்டான 2009-இல் நம் நாடு அவர் உருவம் பொறித்த இரண்டு ரூபாய் நாணயம் வெளியிட்டது.

இனி உங்கள் முறை

ஒரு தாள் எடுங்கள். இரண்டு வரிசையாக, வரிசைக்கு மூன்று என்று ஆறு சின்ன வட்டங்கள் போடுங்கள். இட வரிசையில் மேலிருந்து கீழாகத் திங்கள், செவ்வாய், புதன். வல வரிசையில் வியாழன், வெள்ளி, சனி. ஞாயிறு விடுமுறை.

உங்கள் ஆசை எதுவாகவும் இருக்கட்டும். வாய்ப்பாடு, கையெழுத்து, நீச்சல், மிருதங்கம், எதுவானாலும் சரி. அதில் ஒரு நாளைக்குப் பத்து நிமிடத்தில் முடியும் அளவு ஒரு சிறு பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். ஏன் அதைச் செய்கிறீர்கள் என்று வட்டங்களுக்கு மேலே ஒரே வரியில் எழுதுங்கள். செய்து முடித்த நாளின் வட்டத்தைக் கறுப்பாக்குங்கள். அடுத்த வாரம் புதிதாக ஆறு வட்டங்கள்.

ஒரு நாள் விட்டுப்போனால்? வட்டம் காலியாக இருக்கட்டும். தாளைக் கிழிக்காதீர்கள். மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். பிரெயிலில் அநேகமாக எல்லா எழுத்திலும் சில புள்ளிகள் காலியாகத்தான் இருக்கும். இட வரிசையின் முதல் புள்ளி மட்டும் இருந்தால்கூட அது ஓர் எழுத்து. எந்த எழுத்து தெரியுமா? தமிழில் அதுதான் 'அ'!

என் மாணவனிடம் நான் அன்று சொல்லியிருக்க வேண்டியதும் இதுதான்: "பரவாயில்லைடா தம்பி. இன்னைக்குப் பதினாலாம் வாய்ப்பாட்டுலேருந்து ஆரம்பி."

என்ன குழந்தைகளே, தாளும் பென்சிலும் எடுத்துவிட்டீர்களா?