ஆளுகையும் கலங்கிய நீரும்

1967ஆம் ஆண்டில் அமெரிக்க வரலாற்றாசிரியர் லின் ஒயிட் 'சயன்ஸ்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார். இயற்கை முழுவதும் மனிதனின் பயனுக்கென்றே உண்டானது எனும் எண்ணத்தை மேலைக் கிறிஸ்தவம் வேரூன்றச் செய்து, இன்றைய சூழல் நெருக்கடிக்கு வழிகோலிற்று என்பது அவர்தம் குற்றச்சாட்டு. இதனை முழுவதும் நாம் ஏற்க வேண்டியதில்லை. எனினும் எளிதில் தள்ளிவிடவும் இயலாது. ஆதியாகமம் 1:28 கூறும் ஆளுகையை வரம்பற்ற உரிமையாக நாமே பன்முறை போதித்திருக்கிறோம்.

1. ஆளுதல் எனும் சொல்

அவ்வசனத்தில் 'ஆளுதல்' என்பதற்குரிய எபிரேயச் சொல் 'ராதா' என்பதாகும். அது வலிமை மிக்க சொல். அதன் கடுமையை மறைத்து மென்மைப்படுத்துவது நேர்மையன்று. ஆனால் அவ்வலிமையைத் திருமறை எங்ஙனம் வரையறை செய்கிறது என்பதே நாம் ஆராயத்தக்கது. வறுமையுற்று அடிமையான சகோதரனைக் கொடுமையாய் ஆளலாகாது என்று லேவியராகமம் 25:43 இதே சொல்லைக் கொண்டு விலக்குகிறது. சங்கீதம் 72இல் இச்சொல்லால் ஆளுபவனாகக் காட்டப்படும் அரசன், ஏழைக்கு நியாயம் வழங்குபவன். எசேக்கியேல் 34:4இல் மந்தையைக் கடூரமாய் ஆண்ட மேய்ப்பர்மேல் கடவுள் சாட்டும் குற்றமும் இச்சொல்லாலேயே உரைக்கப்படுகிறது.

அதே அதிகாரத்தில் தீர்க்கதரிசி மேய்ப்பரை விட்டு மந்தையின்பால் திரும்புகிறார் (34:17-19). கொழுத்த ஆடுகள் தெளிந்த நீரைக் குடித்துவிட்டு, எஞ்சியதைக் காலால் கலக்கிவிடுகின்றன. மெலிந்த ஆடுகளுக்குக் கலங்கல் நீரே கிடைக்கிறது. இங்கே நீரைக் கெடுத்தல் அயலானுக்கு இழைத்த அநீதியாகவே நியாயத்தீர்ப்புக்குள்ளாகிறது. ஆகவே படைப்பைப் பேணுதலும் நீதியும் வெவ்வேறு ஊழியங்கள் அல்ல.

2. பாலாற்றங்கரையில்

இவ்வேதபகுதியை வேலூர்ப் பகுதியில் வாசிப்போருக்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை ஆகிய ஊர்களின் தோல் பதனிடும் ஆலைகளிலிருந்து உப்பும் குரோமியமும் கலந்த கழிவுநீர் பல்லாண்டுகளாகப் பாலாற்றையும் நிலத்தடி நீரையும் கெடுத்தது. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. தோல் ஆலைகள் நிறைந்த பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் வேளாண் நிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிரிடத் தகுதியற்றுப்போன செய்தி அத்தீர்ப்பில் இடம்பெற்றுள்ளது. மாசுபடுத்தியவரே பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு தந்து, சூழலையும் சீர்ப்படுத்த வேண்டும் என்று நீதிமன்றம் கூறியது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் பாலாற்றின் மாசு குறித்து மீண்டும் ஆணை பிறப்பிக்க நேர்ந்தது.

3. திருச்சபையின் கடமை

இங்கு நாம் ஒன்றில் எச்சரிக்கையாயிருத்தல் வேண்டும். தோல் தொழிலையே இழிவெனக் கருதும் சாதிய நோக்கு நம் நாட்டில் பழமையானது. மாசை எதிர்ப்பதாகக் கூறிக்கொண்டு அந்நோக்குக்கு நாம் துணைபோகலாகாது. பேதுரு யோப்பாவில் தோல் பதனிடுகிற சீமோனின் வீட்டில் அநேகநாள் தங்கியிருந்தார் (அப். 9:43). திருச்சபை எதிர்க்க வேண்டியது நஞ்சையேயன்றித் தொழிலையும் தொழிலாளியையும் அன்று. ஆலையில் உழைப்பவனும் கெட்ட கிணற்றையுடைய உழவனும் மெலிந்த ஆடுகளே. ஒருவனுடைய பிழைப்பை மற்றவனுடைய குடிநீருக்கு எதிராக நிறுத்துவது மேய்ப்புப் பணியாகாது.

ஆதலின் ஆண்டுக்கொருமுறை மரக்கன்று நட்டு, சுற்றுச்சூழல் ஞாயிறு ஆசரிப்பதோடு நம் பொறுப்பு முடிவதில்லை. நம்முடைய பள்ளிகள், விடுதிகள், மருத்துவமனைகள் ஆகியவற்றின் கழிவுநீர் எங்கே செல்கிறது என்று முதலாவது நாம் ஆராய்வோமாக. சேகரத்திலுள்ள கிணறுகளின் நீரைச் சோதிக்கச் செய்து, இழப்பீட்டுக்கு உரியோரின் மனுக்களுக்குத் துணைநிற்போமாக. காணிக்கை தருவோரில் ஆலை உரிமையாளரும் இருக்கலாம்; அதன் பொருட்டு எசேக்கியேலின் இப்பகுதியை நம் பிரசங்க பீடம் தவிர்க்குமாயின், கலங்கிய நீரைக் குடிப்போர் நம்மையும் அம்மேய்ப்பரோடு சேர்த்தே எண்ணுவர்.