கண்ணில் படாத துளைக்கு அளவு

எண்ணெய்க் கிணறு தோண்டியதும் ‘கேசிங்’ என்னும் எஃகுக் குழாயை இறக்கி, குழாய்க்கும் பாறைக்கும் நடுவே சிமென்ட் நிரப்பிவிடுவார்கள். பிறகு எண்ணெய் உள்ளே வர அந்தக் குழாயையே துளைக்க வேண்டும். 1930-களில் கலிபோர்னியாவில் துப்பாக்கிக் குண்டால் துளைத்தார்கள். போர்க்களத்தில் டாங்கிகளைத் துளைத்த பசூக்காவின் நுட்பம் 1940-களின் இறுதியில் கிணற்றுக்குள் இறங்கியது. கூம்பு வடிவ உலோகத் தகட்டின் முதுகில் வெடிமருந்து. வெடித்ததும் தகடு நசுங்கி, வினாடிக்குப் பல கிலோமீட்டர் வேகத்தில் தாரையாகப் பாயும்.

துளையின் விட்டம் எவ்வளவு? வெடி தயாரிப்பவர் ஓர் எண் தருவார். அது தரைமேல் நடந்த சோதனையின் எண். படுக்கைவாட்டுக் கிணற்றிலோ, வெடிகளைத் தாங்கிய ‘கன்’ குழாயின் அடியில் படிந்து கிடக்கும். கீழ்நோக்கிய தாரைக்கு இடைவெளி இல்லை. மேல்நோக்கியது திரவத்தைக் கடந்துதான் எஃகைத் தொட வேண்டும். ஒரே கன் போட்ட துளைகளே ஒன்றுபோல் இருப்பதில்லை.

ஒரு மில்லிமீட்டருக்கு இவ்வளவு கவலையா? ஷேல் பாறையைப் பிளக்க மணல் கலந்த நீரைச் செலுத்தும்போது, துளையில் வீணாகும் அழுத்தம் விட்டத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் மாறும். 10 மி.மீ. என்று நம்பியது 9 மி.மீ.யாக இருந்தால் இழப்பு ஒன்றரை மடங்கு. எந்தத் துளைக்கு எவ்வளவு நீர் போகும் என்ற கணக்கே புரண்டுவிடும்.

அதனால் பம்பின் ஓட்டத்தைப் படிப்படியாகக் குறைத்து, ஒவ்வொரு படியிலும் அழுத்தத்தைக் குறிக்கிறார்கள். துளையின் இழப்பு ஓட்டத்தின் இருமடியைப் பின்பற்றுவதால் மற்ற இழப்புகளிலிருந்து அதைப் பிரித்துவிடலாம். கெட்டிக்காரத்தனமான முறைதான், ஆனால் முழுதும் நம்ப முடியாது. 9 மி.மீ. துளைகள் 20 திறந்திருந்தாலும், 10 மி.மீ. துளைகளில் ஏறக்குறைய 16 மட்டும் திறந்திருந்தாலும் அழுத்தமானி காட்டுவது ஒன்றே.

போதாக்குறைக்கு மணல் வேறு. துளையின் விளிம்பில் நிற்கும் எஃகுப் பிசிறை முதலில் தேய்த்து வழவழப்பாக்கும். துளை பெரிதாகும் முன்பே இழப்பு குறையத் தொடங்கும். பிறகு எஃகையே அரிக்கும்.

வேலை முடிந்தபின் கேமராவையோ ஒலியலைக் கருவியையோ இறக்கிப் படமெடுக்கலாம். அதில் தெரிவது அரித்த துளை; தொடக்க அளவு அதில் இருக்காது. இதற்காகவே சிலர் நீர் செலுத்தாத பகுதியிலும் அதே வெடியால் சில துளைகளைப் போட்டு வைக்கிறார்கள். மணல் தொடாத அவற்றை அளந்து, அரித்தவற்றிலிருந்து கழித்தால், எந்தத் துளை எவ்வளவு மணலை விழுங்கியது என்று ஓரளவு சொல்லிவிடலாம்.